திறந்தே கிடந்த குழாய்கள்

குழாய் பதிக்கிற தொழிலில் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது கால்வாசி, மனிதர்களோடு மல்லுக்கட்டுவது முக்கால்வாசி. கான்ட்ராக்ட் எடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜீவனஹள்ளியில் கடப்பாரை பிடித்துத் தொடங்கியவன் நான். பேரம் பேசியே பிழைத்தவன். அத்திபெலே தாண்டி ஒரு சின்ன ஊரில், நாள் முழுக்கக் குழாயில் குடிநீர் வருகிற மாதிரி செய்து தர ஒப்புக்கொண்டேன். நிபந்தனை ஒன்றுதான். மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும். வந்தால்தான் இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். அந்தக் குழாய் சரோஜாக்கா வீட்டு வாசலில் இருந்தது. இட்லிக் கடை வைத்திருப்பவர். டேங்கர் லாரி வராத நாளில் அவர் அடுப்பும் எரியாது.

தொட்டி எங்கே?

மேட்டில் தொட்டி கட்டினால் தண்ணீர் தானாக இறங்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேட்டுத் தெருக்காரர்கள், "எங்க தலையில விழும்" என்று மறித்தார்கள். பள்ளத்தில் கேட்டால் அங்கேயும் அதே பாட்டு. தொண்டை வற்றப் பேசி, கடைசியில் நடுவே சந்தை மைதானத்தில் உயரத் தூண் எழுப்பினேன். அஸ்திவாரம் போட்ட அன்று, பள்ளத்தில் குடியிருந்த கவுன்சிலர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"தொட்டி அவங்க பக்கமே சாஞ்ச மாதிரி இருக்கட்டும். தண்ணி மட்டும் மொதல்ல நம்ம பக்கம் விடுப்பா."

உறிஞ்சுகிறவர்கள்

முதல் தடவை தண்ணீர் விட்டபோது சரோஜாக்கா குழாயில் வந்தது வெறும் காற்று. பள்ளத்தில் போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். நான் கத்திய கத்தலில் தெரு நாய்கள் இடம் மாறின. ஆனால் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார்:

"பக்கத்து வீட்டுக்காரன் கழட்டட்டும், நானும் கழட்டறேன். அவன் வெச்சதைப் பாத்துதானே நான் வெச்சேன்?"

மூடாத குழாய்

அவரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் மதில் சுவருக்கு இருபுறம் நிறுத்தி, ஒரே நேரத்தில் கழற்ற வைத்தேன். மற்றவர்களையும் அப்படித்தான், ஜோடி ஜோடியாக. அன்று சாயங்காலம் சரோஜாக்கா குழாயில் தண்ணீர் கொட்டியது. எனக்குக் காபி கிடைத்தது.

மறுநாள் காலை தொட்டி காலி. சந்தேகம் நேரே வாட்டர்மேன் சென்னப்பா மேல் போனது. தெருத்தெருவாக விசில் ஊதி வால்வு திறந்துவிட்டுக்கொண்டிருந்த மனிதர். என் திட்டத்தால் வேலை இல்லாமல் நின்றவர். சட்டையைப் பிடிக்காத குறை. அவர் என்னைத் தெருவுக்குள் இழுத்துப்போனார். ஊர் முழுக்கக் குழாய்கள் திறந்தே கிடந்தன. டிரம் வழிந்து வழிந்து சாக்கடை ஆறாகியிருந்தது. சரோஜாக்கா குழாயும் திறந்துதான் இருந்தது, கீழே மறுபடி வைத்த காலிக் குடத்தோடு. "ஏங்க்கா, ஊரே இப்படித் தொறந்து போட்டா தொட்டியில என்ன மிஞ்சும்?" என்று குதித்தேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"மூடி வெச்சா தண்ணி வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

விசில்

மைக் கட்டி விளக்கினேன். நோட்டீஸ் ஒட்டினேன். தண்ணீர் எப்போதும் இருக்கும் என்பதை ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் சென்னப்பாவிடமே போய் இறங்கிப் பேசினேன். காலையில் தெருமுனையில் விசில் ஊத வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. முதல் விசிலுக்கு ஊரே குடம் பிடித்தது. இரண்டாவது விசிலுக்கு ஊரே குழாயை மூடியது. தொட்டி நிறைந்து நின்றது.

பரிசோதனைக்கு வந்த இன்ஜினியர் மத்தியானம் சரோஜாக்கா குழாயைத் திருகினார். தண்ணீர் பாய்ந்தது. "இப்ப நாள் முழுக்க வருதாம்மா?" என்றார். அக்கா தயங்காமல் சொன்னார்:

"அதெல்லாம் இல்ல சார், சென்னப்பா அண்ணன் ஊதினாதான் வரும். இது காலையில ஊதினதுல மிச்சம்."

கையெழுத்து கிடைத்துவிட்டது. தோண்டியது, பதித்தது, கத்தியது எல்லாம் நான். அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்த புண்ணியவான் வால்வையே தொடாத சென்னப்பா.