முப்பத்தோராம் அட்டை

விடையைச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியத் தொழில் எங்களுடையது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் வெண்கட்டித் தூள் தின்றவர்களுக்கு இது புரியும்.

தலையைக் கேட்டபோது

எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்கு ஒரு கணினி வந்தது. கைதேர்ந்த ஒருவரின் அறிவை "இப்படியிருந்தால் இதைச் செய்" என்ற விதிகளாக அதில் பதித்தால், அது கேள்வி கேட்டுக் கேட்டே மாணவரைப் பழுது தேடப் பழக்கும். நிபுணத்துவ முறைமை என்று பெயர். விதிகளுக்காக யாழ்ப்பாணக் குருநகரில் தண்ணீர்ப் பம்ப் இயந்திரம் திருத்தும் மரியதாஸ் அண்ணையிடம் ஒரு மாதம் போனேன். அடிக்கடி வரும் பழுது முதலில், எப்போதாவது வருவது கடைசியில் என்று வரிசைப்படுத்தித் தந்தார். கடைசி நாள் கேட்டார்: "மாஸ்ரர், என்ரை தலையைப் பெட்டிக்குள்ளை போட்டிட்டியள். இனி எனக்கு என்ன வேலை?"

பெட்டி இருண்டபோது

தொண்ணூறில் போரால் மின்சாரம் நின்றது. விதிகளை மரியதாஸ் அண்ணையின் வரிசையிலேயே நாற்பது அட்டைகளில் எழுதினேன். ஓர் அட்டைக்கு ஒரு பழுது. அது இல்லையென்றால் காரணத்தை எழுதிவிட்டு அடுத்த அட்டை. ஊகிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. உடுவிலிலிருந்து சைக்கிளில் வரும் மாணவி மாலினி சொன்னாள்: "கொம்பியூட்டர் பரவாயில்லை சேர், பிழை விட்டால் அது ஏசாது."

கொழும்புத்துறையில்

இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூடமொன்றில் குழாய்க் கிணற்றுப் பம்ப் நின்றுவிட்டது. சனம் குட்டைத் தண்ணீரைக் குடித்தது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். மாணவர்களுடன் போனேன். ஜெசிந்தா என்ற தாய் வயிற்றோட்டத்தில் துவண்டிருந்த மூன்று வயது மகனை மடியில் கிடத்திக்கொண்டு எங்களையே பார்த்திருந்தாள்.

மாலினி இயந்திரத்தின் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "மண்ணெண்ணெயிலை தண்ணி கலந்திருக்கு சேர். இப்ப எல்லா இடமும் உதுதான். காபரேட்டரைக் கழற்றட்டோ?" அது முப்பத்தோராம் அட்டை. எண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் எப்போதாவது வந்த பழுது. முதலாம் அட்டையிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

பதினெட்டாம் அட்டையில் பொம்மர் விமானம் வந்தது. பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. மாலினி அட்டைகளை அடுக்கி என் கையில் தந்தாள்: "நாளைக்குப் பத்தொன்பதிலையிருந்து தொடங்குவம், சேர்."

மறுநாள்

முப்பத்தோராம் அட்டையில் காபரேட்டரைக் கழற்றினோம். உள்ளே தண்ணீர். துடைத்துப் பூட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பம்ப் ஓடியது; சனம் வாளிகளோடு ஓடிவந்தது. ஜெசிந்தா வாளி கொண்டுவரவில்லை. விடியுமுன்னரே மகன் இறந்துவிட்டான். மாலினியைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "நேற்று இந்தப் பிள்ளை சொல்லேக்கை ஏன் சேர் நீங்கள் கேக்கேல்லை?"

மாலினிக்கு அந்தப் பயிற்சியில் முழுப் புள்ளியும் போட்டேன். ஆசிரியருக்குப் புள்ளி போட அந்தப் புள்ளித்தாளில் கட்டம் இருக்கவில்லை.