வலது கையால் வாங்கிய தாள்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அவித்த நெல் களத்தில் காயும்போது ஒரு பிடி அள்ளி, நாலைந்து மணிகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, அரைக்கப் பதமா இல்லையா என்று சொல்வது என் பொறுப்பு. ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். அது எண்ணைக் காட்டிய பிறகும் முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஒருநாள் நெல்லை மேலே ஏற்றும் பெல்ட்டில் வைக்கோல் சிக்கியது. எடுக்கப் போனேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மோதிர விரல் இருக்கிறது, ஆனால் மடங்காது.

புண் ஆறியதும் முதலாளி பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். ஒரு தொகை தருவதாகச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். என் மனைவி போட விடவில்லை. மயிலாடுதுறையில் ஒரு வக்கீலம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனாள். தொழிலாளர் துறையில் பதியாமல் நமக்குள் முடித்துக்கொள்வது செல்லாது என்றார் அவர். எந்த விரல் போனால் எத்தனை சதவீதம் என்று சட்டத்தில் பட்டியலே இருக்கிறதாம். மடங்காத விரலுக்கும் மிச்சக் கைக்கும் மருத்துவக் குழு எழுதுவதுதான் கணக்காம். பட்ட வலிக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"வலிக்கு ஒண்ணும் கிடையாதுங்க. சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போச்சோ, அதுக்குத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலம்மா என்ன செய்வார், சட்டத்தை அவரா எழுதினார்?

மருத்துவக் குழு தஞ்சாவூரில். காலையில் போனவனை மத்தியானம் கூப்பிட்டார்கள். மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், அளந்தார்கள். முடிவில் ஒரு தாளை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

அறிக்கை வந்ததும் வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். தாள் போன்றவற்றை வலது கையால் பற்ற முடிகிறது என்று எழுதியிருந்தது. சதவீதம் நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கி, வலது கையாலேயே அந்தத் தாளை வாங்கியிருக்கிறேன். பெரியவர்கள் கொடுப்பதை இடது கையால் வாங்கிப் பழக்கமே இல்லையே. மரியாதை பார்த்து என் வயிற்றில் நானே அடித்துக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு மனு போட்டோம். அதுவரை வீட்டில் எனக்குப் பாடம் நடந்தது. மனைவி காபி டம்ளரை நீட்டுவாள், வலது கை முன்னால் போகும், டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். கோயிலில் திருநீறு வாங்கும்போது மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

இரண்டாம் முறை போனபோது உதவியாளர் ஒருவர் படிவத்தை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை நீட்டினேன். அவர் படிவத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

"டாக்டர் முன்னாடி இடது கைய நீட்டுறீங்களே. வலது கையால வாங்குங்க."

வலது கை தானாகவே பாதி தூரம் எழுந்துவிட்டது. அதை வேட்டியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அவமானமும் ஆத்திரமுமாக வந்தது.

"அது முடியலன்னு சொல்லத்தாங்க ரெண்டாவது தடவையா வந்திருக்கேன்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் இந்தக் கையை அளந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

நெல்லுக்குப் பதம் பார்ப்பேன் என்றேன். எப்படி என்று கேட்டார். காட்டுவதற்காக வலது கையைத் தூக்கினேன். கட்டைவிரல் தேய்க்கப் போனது. எதிரே விரல் இல்லை.