ஒரே ஜீப்பில் விழுந்தவர்கள்

யாராவது பேச்சின் நடுவே ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் இன்றும் நான் விடமாட்டேன். ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டுவிடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் ஏழாவது படிக்கும்போது, ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப் கம்பமெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்தது. அம்மாவுக்கும், அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்கும் தலையில் அடி. இருவருக்கும் மூளையில் ரத்தக்கட்டு. இருவருக்கும் பேச்சு குழறியது. டாக்டர் அம்மாவைக் காட்டி, "இவங்களுக்கு வயசு கம்மி, சீக்கிரம் தேறிருவாங்க. அவருக்குச் சுகர் வேற இருக்கு, நாளாகும்" என்றார். தேறிவிடுவாள் என்றதை எங்கள் வீட்டில் தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு இருவரையும்தான் வாராவாரம் தேனி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இருவரும் போய்விட்டால் சோறு வடிப்பது யார்? பெரியம்மா பெரியப்பாவோடு தேனிக்குப் பஸ் ஏறினாள். அம்மா அடுப்படிக்குப் போனாள். உப்பை இரண்டு தடவை போட்டாள். கரண்டியை "அந்த இது" என்றாள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "ஒனக்கென்ன, நல்லாத்தான இருக்க" என்பார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை மட்டும் ஒருநாள் கேட்டாள்: "ஜீப்பு ஒண்ணுதான? ஒராளுக்குக் கட்டிலு, ஒராளுக்குக் கரண்டியா?"

"டாக்டரே சொல்லிட்டாக, அவளுக்குச் சின்ன வயசுன்னு. நீ வேற கெளப்பிவிடாத" என்றாள் பெரியம்மா.

இன்று பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறார். அம்மாவுக்குச் சில நாள் என் பெயரே வருவதில்லை. "ஆத்தா" என்று சமாளித்துக்கொள்வாள்.

அந்த நாட்களில் பெரியப்பாவுக்கு வீட்டில் சொல் பழக்கும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் சாமான்களை வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, எதற்கு உதவும் என்று குறிப்பும் சொல்லிக் கேட்க வேண்டும். சீப்பைக் காட்டினால் "ஆடு" என்பார். எங்களுக்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். சரியாகச் சொன்னால் வீடே கைதட்டும். டீச்சராகிவிட்ட மிதப்பு எனக்கு. அடுத்த வருடமே படிப்பு நின்று அடுப்படி என் கைக்கு வரப்போவது அப்போது தெரியாதே.

ஒரு சாயங்காலம் சாவியைத் தூக்கி, "பூட்டைத் தொறக்கிறது எது?" என்றேன். பெரியப்பா வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து, "சா... சாவி" என்று வந்தது. அடுத்ததற்கும், "தீ... தீப்பெட்டி."

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, நீயே சொல்லிட்டா அவுகளுக்கு எப்பத்தான் வரும்? ஒன்னையவா கேட்டா?"

அம்மா கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. ஆனாலும் சிரித்தாள். "எனக்கும்... வந்துருச்சு" என்றாள்.

பாடத்துக்கு இடைஞ்சல் செய்பவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துவார்கள். நான் எழுந்துபோய் அடுப்படிக் கதவைச் சாத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த சாமானை அவள் காதில் விழாதபடி மெல்லக் கேட்டேன்.