நடு வரிசையில் ஒரு பெட்டி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இஷ்ரத் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பாள். சலாம் சொல்லிக்கொண்டே விரல் முட்டியால் இரண்டு தட்டு. கல்யாணமான பதினோரு வருசமாக நூகு இதைப் பார்த்துவருகிறான். "சொவரு என்ன சொல்லுது?" என்று கேலி பேசுவான். அவள் சிரிப்பதோடு சரி. எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிவிட்டால் வாய் திறக்க மாட்டாள்.

நூகுவுக்கு மேலப்பாளையத்தில் செல்போன் கடை. வைஃபை எட்டாத அறைகளுக்கு அதை வாங்கி அந்தப் பக்கம் அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டிகளையும் விற்கிறான். அங்கே பழைய வீடுகள் ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தெருப்பக்கத்து அறையில் துள்ளுகிற நெட், அடுக்களைக்குப் போவதற்குள் செத்துவிடும்.

போன வருசம் பக்கத்துத் தெரு பாத்து மாமியின் கணவர் மவுத்தானார். மாமி இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கடைசி அறையிலேயே இருக்க வேண்டும். மகன் ஹசன் அலிக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. லீவு கிடைக்காமல், வாப்பாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான். உம்மாவின் முகம் தெரிவதற்குள் படம் உறைந்துபோகும், குரல் துண்டு துண்டாக விழும். முன்னறையில் வந்து பேசலாம் என்றால் அங்கே துக்கம் விசாரிக்க வரும் ஆண்கள். இருபது நாளாகியும் உம்மாவும் மகனும் ஒருவரையொருவர் ஒழுங்காகப் பார்த்து அழக்கூட முடியவில்லை.

மவுத்தானவரின் தம்பி கனி சாச்சா கடைக்கு வந்து ஒரு பெட்டி வாங்கினார். நூகு உள்ளே போக முடியாது. "மாமி இருக்கிற ரூம்லயே சொருகச் சொல்லுங்க" என்று கொடுத்தனுப்பினான். விளக்கு எரிந்தது, படம் மட்டும் அசையவில்லை. வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தான். அதுவும் அப்படியே.

"நல்லாத்தாம்லே எரியுது. வேலதான் பாக்க மாட்டேங்குது, ஒன்ன மாதிரி" என்றார் கனி சாச்சா.

மறுநாள் நூகு இஷ்ரத்தைக் கூட்டிப் போனான். அவள் வாசல் திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனாள். அவன் முன்னறையில் சாச்சாவோடு உட்கார்ந்தான்.

"மாமி பக்கத்துலயே வேற ப்ளக் இருக்கான்னு பாருளா" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னான்.

டொக், டொக் என்று சத்தம்தான் கேட்டது. கடைசி அறையில் தொடங்கி ஒவ்வொரு அறையாக அவனை நோக்கி வந்து, நடு அறையில் நின்றது.

"அங்கன வச்சா ஆகாது" என்றாள் இஷ்ரத்.

"ஏன்? மாமி அங்கனதான இருக்காக?"

"பெருநாத் தொழுகையில மைக் நின்னுபோச்சுல்லா? இமாம் சொன்ன 'அல்லாஹு அக்பர்' தக்பீர எடுத்துப் பின்னாடி சொன்னாகளே ஒருத்தர், அவுக எங்கன நின்னாக?"

நூகு யோசித்தான். "நடு வரிசையில."

"பொம்பளைக எங்க கடைசி வரிசையில நின்னா அவுகளுக்கே கேட்டிருக்காது. பெறவு எங்களுக்கு என்னத்தச் சொல்லுவாக?"

கனி சாச்சா தொடையில் தட்டினார். "எட்டு வருசமாக் கட நடத்துத. இத ஒனக்கு ஒரு கம்பெனிக்காரனும் சொல்லலியாலே?"

நூகுவுக்குக் காது சுட்டது. ஆனாலும் கோபம் வரவில்லை.

நடு அறையில் மாமிக்குச் சீராக வந்த இரும்பு பீரோ, நெட் உள்ளே போகும் வழிக்குக் குறுக்கே நின்றது. முப்பது வருசமாக யாரும் அதை அசைத்ததில்லை. இஷ்ரத் உள்ளே போய் ஏதோ மெதுவாகக் கேட்டாள். பிறகு மாமியின் குரல்: "எம்புள்ள மொகத்த இதுவா மறச்சுக்கிட்டு நிக்குது? தள்ளுளா."

இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. பெட்டியை நடு அறையிலேயே சொருகினாள் இஷ்ரத்.

சாயங்காலம் ஹசன் அலி கூப்பிட்டான். உடையாத குரல் முன்னறை வரை வந்தது.

"உம்மா, மெலிஞ்சிட்டீக."

"நீ மட்டும் என்னவாம்? சேவ் பண்ணக்கூட நேரமில்லையா மக்கா?"

அதற்கப்புறம் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நூகு எழுந்தேவிட்டான். பிறகுதான் இரண்டு அழுகைகள் சேர்ந்து கேட்டன. கனி சாச்சா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நூகு, "சொவரு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டான். இந்த முறை கேலி இல்லை.

"புதுசாக் கட்டுன செங்கச் சொவரு நெட்டுக்கு வழி விடும். பழைய சுண்ணாம்புக் காரச் சொவரு விடாது. தட்டுனா சத்தத்துலயே தெரிஞ்சுரும்" என்றாள் அவள். அவ்வளவு நீளமாக அவள் தெருவில் பேசி அவன் கேட்டதில்லை.

பாத்து மாமியின் இத்தா முடிந்துவிட்டது. ஹசன் அலி இன்னும் ஊருக்கு வரவில்லை. பீரோ தள்ளிய இடத்திலேயே இருக்கிறது. கடைப் பலகையில் நூகுவின் பெயர்தான் இருக்கிறது. வீடுகளுக்குள் போய்ப் பெட்டி மாட்டுவது இஷ்ரத்.