கப்பல் போகாத இரண்டு நாட்கள்

நாகப்பட்டினத்தில் லாட்ஜ் அறைக்கு வந்து காலை நீட்டிய ஐந்தாவது நிமிடத்தில் போன் சிணுங்கியது. கடலில் காற்று பலமாக இருப்பதால் நாளைக் காலை இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ரத்து என்று மெசேஜ். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது. பக்கத்து அறையில் தனவேலும் அவர் மனைவி கோவிந்தம்மாளும் இருந்தார்கள். வியாழன் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கிளிநொச்சியில் அவர்களுடைய மகள் சுதாவுக்கு வளைகாப்பு. புதன் கப்பல் இல்லையென்றால், விமானத்துக்குச் செலவழிக்க முடியாத அவர்களுக்கு அந்த நேரத்துக்குப் போய்ச்சேர வேறு வழியே இல்லை.

மெசேஜை மூன்று முறை படித்தேன். பிறகு போய்க் கதவைத் தட்டினேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் ஃபார்ம் நிரப்புவது, துபாய் டிக்கெட், திருப்பதி வேன், மூட்டுவலி எல்லாம் அதில் சேர்த்தி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

பிளான் போட்டது

தனவேல் வடக்கனந்தலில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர். மகள் சுதா, அகதிகள் முகாமில் வளர்ந்த ஒரு பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் குடும்பம் இலங்கைக்கே திரும்பிப் போனபோது அவளும் போய்விட்டாள். தனவேல் மூன்று வருடமாக மகளோடு பேசவில்லை. இப்போது அவளுக்கு ஒன்பதாவது மாசம், விமானம் ஏறக் கூடாது. அவள் தாய்வீட்டுக்கு வர முடியாததால் தாய்வீடு அவளிடம் போக வேண்டியதாயிற்று. கோவிந்தம்மாள் எப்படித்தான் கரைத்தாரோ, மனிதர் சரி என்று தலையாட்டி, மனைவியோடு என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிமலையில மச்சான் ஜீப் இருக்குதுங்க மேடம். அதுலயே போயிடலாம். அவ்ளோ மலை ஏர்ற வண்டி, கப்பல்ல ஏறாதா?"

எனக்கும் அந்த நப்பாசை இருந்தது. கப்பல் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆள் மட்டும்தான், வண்டி ஏற்ற மாட்டோம் என்றார்கள். அதனால் இந்தப் பக்கம் நாகப்பட்டினம் வரை ஜீப், நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் கப்பல், அந்தப் பக்கம் மருமகன் பிடித்து வரும் வேனில் கிளிநொச்சி என்று பேப்பரில் எழுதினேன். கோயில் டூருக்குக் கப்பல் வழியைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு குரூப் நச்சரித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று நானும் கூடப் போவதாகச் சொன்னேன்.

தனவேல் பேப்பரைப் பார்த்ததும் நாள் பேரம் ஆரம்பித்தார். "சக்கர மில்லுல வெட்டு ஆர்டர் எப்ப வேணா வரும். ஆர்டர் வந்தப்புறம் கரும்பு நின்னுதுன்னா காஞ்சிபூடும். நாளக் கம்மி பண்ணுங்க."

கப்பல் ஆபீஸில் பேசியவர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். காற்று அடித்தால் கப்பல் நின்றுவிடும், ஒரு நாள் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று. அதைத் தனவேலிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் போன் பேச வெளியே போன நேரமாகப் பார்த்துக் கோவிந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, அவரு மனசு மார்றதுக்குள்ள டிக்கெட்டப் போட்டுடு. எதனா ஒரு சாக்கு கெடைச்சா போதும், எழுந்து பூடுவாரு."

நான் சொல்லவில்லை. காலி நாள் எதுவும் வைக்காமல் புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்த தப்பு. அப்படிச் செய்கிற தப்புக்கு ஒரு தைரியம் வேறு வந்துவிடுகிறது.

லாட்ஜில்

புதன்கிழமை முழுக்கக் காற்று. மதியத்துக்கு மேல் வியாழன் கப்பலும் ரத்து என்று அடுத்த மெசேஜ் வந்தது. கோவிந்தம்மாள் கட்டிலில் கட்டைப்பைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எதையோ எடுப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தார். கல்வராயன் மலைப் புளி, சாமை அரிசி, செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி வளையல்கள். எடை அதிகம் என்று பாதிப் புளியை நான்தான் வீட்டிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன். அதற்கும் சேர்த்து அன்றைக்கு மனசு கஷ்டப்பட்டது.

வியாழன் காலை பத்தரை மணி தாண்டியதும் தனவேல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நேரம் தவறிப்போச்சு. இனிமே போயி இன்னா பண்றது? கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

"நேரத்துக்கா போறோம்? பொண்ணுக்குத்தான போறோம்" என்றார் கோவிந்தம்மாள்.

"சாமிக்கே இஷ்டமில்ல. ரெண்டு நாளா கப்பல நிறுத்தி வெச்சிக்கினு இருக்குது. அதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்கு?"

"சாமி ஒண்ணும் நிறுத்தல. காத்து நிறுத்துது. நீ மூணு வருஷம் பேசாம இருந்தியே, அத எந்தச் சாமி சொல்லிச்சு?"

சாமியும் இல்லை, சகுனமும் இல்லை, இது நான் மறைத்த விஷயம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். கஸ்டமர் கத்துவார் என்ற அற்பப் பயம்.

"நீ போய்க்கோ. நான் வரல" என்று சொல்லிவிட்டுத் தனவேல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஜீப்பை முதல் நாளே ஊருக்கு அனுப்பிவிட்டோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துதான் போனார். கோவிந்தம்மாள் ஜன்னலில் நின்று அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டு, மறுபடி பைகளை அடுக்க உட்கார்ந்தார்.

அக்கரையில்

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியது. ஊர் ஊராக ஆட்களை அனுப்பி வைக்கிற நான் நாலு மணி நேரமும் வாந்தி எடுத்தேன். அந்த வாரத்துக்கு முன் கடலையே பார்த்திராத கோவிந்தம்மாள் எனக்கு எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கிளிநொச்சி போய்ச்சேர்ந்தோம். பையன் வீட்டார் வியாழக்கிழமையே குறித்த நேரத்தில் வளையல் போட்டு முடித்துவிட்டார்கள். வாசலுக்கு வந்த சுதாவின் வலது கையில் முழங்கை வரை வளையல். இடது கையில் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் சொல்லியும் அம்மா வந்துதான் போட வேண்டும் என்று அந்தக் கையை நீட்டவே இல்லையாம். கோவிந்தம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், அலுப்பில் பாதி, வெட்கத்தில் பாதி.

கப்பலில் உடைந்த இரண்டு போக, மீதி வளையல்களை அன்றைக்கே போட்டார்கள். எந்த நேரம், எந்தத் திசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோவிந்தம்மாள் விசா நாள் முடிகிற வரை மகளோடு இருப்பதாக ஏற்பாடு. நான் திங்கள்கிழமை கிளம்பினேன். அதுவரை அப்பாவைப் பற்றி வாயே திறக்காத சுதா, நான் வேனில் ஏறும்போது பக்கத்தில் வந்து, "அப்பாவுக்கு சுகர் மாத்திர யாருக்கா எடுத்துக் குடுக்கறாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

துறைமுக வாசல்

நாகப்பட்டினத்தில் இறங்கி, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து, அடுத்த பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால் போதும் என்று வெளியே வந்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் தனவேல் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. வியாழக்கிழமை போட்டிருந்த அதே சட்டை.

"ஊருக்குப் போகலையா நீங்க?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனன்."

"கரும்பு?"

"ஆர்டர் வந்துச்சு. தம்பிய வெட்டச் சொல்லிட்டன்." டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "அவ எதனா கேட்டாளா?"

சுதா கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று, கப்பல் ஆபீஸில் எனக்குச் சொன்னதை, நான் அவரிடம் மறைத்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டன்" என்றார். "ஆனா சொல்லியிருக்கணும் மேடம். சாமிதான் வேணாங்குதுன்னு நெனச்சிக்கினேன்."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அதுதான். ஒருவர் கிளம்புவாரா மாட்டாரா என்பது நம் வேலை இல்லை. வழியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் நம் வேலை. அன்றைக்குப் பிறகு எந்தப் பிளானிலும் கடலுக்கு முன்னால் இரண்டு காலி நாள் எழுதுகிறேன். ஏன் வெட்டியாக இரண்டு நாள் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

தனவேல் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். விசாவுக்கு இன்னும் நாள் இருந்தது.

"நாளைக்குக் கப்பல் இருக்குதா?"

"இருக்குங்க. ஆனா காத்து அடிச்சா போகாது. நாளன்னைக்கும் போகாம நிக்கலாம்."

"அடிச்சா அடிக்கட்டும், இங்கயே குந்திக்கினு இருக்கறன்" என்றார்.