மாடி அறை அம்மாவின் பிள்ளை

என் மூத்த பெண் ஐந்து வயதில் தொண்டை அடைப்பானில் போனாள். ஐம்பதுகளின் கடைசி அது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அடுத்த போர்ஷனில் என் நாத்தனார் குடும்பம். அவளுக்கும் ஒரு பெண், என் பெண்ணைவிடச் சில மாதம் இளையவள். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை.

பெண் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் நின்றுபோனது. துக்கம் கேட்க வந்தவர்கள், “சின்ன வயசுதானே, இன்னொண்ணு பொறக்கும்” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். உடைந்த பானைக்குப் பதில் வேறு பானை வாங்கிக்கொள் என்பதுபோல. சமயபுரத்துக்குக் கூட்டிப் போனார்கள், வேப்பிலை அடித்தார்கள். புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு நான் இளைத்த பிறகுதான் என் கணவர் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, “உடம்புல ஒண்ணும் இல்லைங்க. மாடியில ஒரு அம்மா இருக்காங்க, இதுக்குன்னே மெட்ராஸ்ல படிச்சவங்க. வாரம் ஒரு நாள் வந்து அவங்ககிட்ட பேசிட்டுப் போங்க” என்றார்.

நாத்தனார் கேட்டாள்: “பேசறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா அண்ணி? எங்ககிட்ட பேசினா ஆகாதா?”

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் உலகத்தில் நான் பேசவே முடியாத ஒருத்தி உண்டென்றால் அவள்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாடி அறை அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும். கிறிஸ்தவராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். ஏதாவது கேட்பார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேரம் முடிந்ததும், “அடுத்த வாரம் வாங்க” என்பார். இப்படியே பல வாரம் போயிற்று.

ஒரு நாள் அவர், “உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா” என்று ஆரம்பித்தார். எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ.

“என்ன புரியுது உங்களுக்கு? உங்க பிள்ளையைப் பறி கொடுத்திருக்கீங்களா?”

அத்தனை வாரத்தில் நான் பேசிய முதல் பேச்சு. அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக, “ஆமாம்மா” என்றார்.

“மூணு வயசுப் பையன். காய்ச்சல். நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்க்கிறப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவனுக்கு ‘ர’ வராது. ரயிலை ‘யயில், யயில்’னு சொல்லுவான்.”

நான் அழுதேன். என் பெண்ணுக்கே சரியாக அழாத நான், முகம் தெரியாத அந்தப் பையனுக்காக அன்று விக்கி விக்கி அழுதேன். அழுது முடித்ததும், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நாத்தனார் பெண் முற்றத்தில் விளையாடும்போதெல்லாம், ‘இது ஏன் இருக்கிறது, என் பெண்ணுக்குப் பதில் இது போயிருக்கக் கூடாதா’ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்னைப் பேய் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைப் பார்த்தா ஆகாது. நீங்க பேய் இல்லை. தாய்.”

அன்று வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டேன். என் கணவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரப் பயந்தவர்போல.

அதன் பிறகு வாரா வாரம் அந்த நாளுக்காகக் காத்திருப்பேன். நாத்தனார் பெண்ணுக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தேன். ரயில் போகும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வரும். ஆடிப் பெருக்குக்குக் காவேரியில், அம்மா மண்டபத்துப் படியில் என் பெண்ணை நினைத்து ஒரு விளக்கு விட்டேன். பக்கத்திலேயே அவனுக்கும் ஒன்று. நாத்தனார், “ரெண்டாவது யாருக்கு அண்ணி?” என்றாள். “தெரிஞ்சவங்க பிள்ளைக்கு” என்றேன். மாசியில் அவன் பிறந்தநாள் என்று ஒரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்கு வாளியில் எடுத்துப் போனேன். வாங்கும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாரும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்த காலத்தில், நானும் ஒருத்தரைத் தேற்ற முடிகிறதே என்று.

அந்த வருஷக் கோடையில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மெயின்கார்டுகேட்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றவளை ஆஸ்பத்திரி மாடிப்படியில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் உள்ளே போய் வருபவள், புருஷனை இழந்த சின்ன வயசுப் பெண். பஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்தாள்.

“தங்கமான மனுஷிங்க அந்தம்மா. அவங்க மட்டும் இல்லேன்னா நான் காவேரியில விழுந்திருப்பேன். அவங்க பட்டதுக்கு முன்னாடி நம்மது எல்லாம் ஒண்ணுமில்லைங்க.”

“ஆமாங்க. மூணு வயசுப் பிள்ளை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “பிள்ளையா? அவங்களுக்கு ஏதுங்க பிள்ளை? கல்யாணமாகி ஆறே மாசத்துல அவங்க வீட்டுக்காரரு லாரியில அடிபட்டுப் போயிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?”

பஸ் வந்தது. அவள் ஏறி எனக்கும் இடம் பிடித்தாள். நான் ஏறவில்லை. கொளுத்தும் வெயிலில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தேன். நடந்துகொண்டே அவருக்காக நானே சமாதானம் தேடினேன். முதலில் புருஷன், அப்புறம் வேறு கல்யாணம், அதில் பிள்ளை, இப்படியும் இருக்கலாம் இல்லையா?

அவர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். “என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?”

“உங்களுக்குப் பிள்ளை இருந்தானா, இல்லையா?”

பூட்டைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார். இந்தத் தடவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“படிச்ச இடத்துல, சொந்தக் கதையை எடுக்கவே கூடாதுன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க வாயே திறக்கலை. எலும்பும் தோலுமா ஆயிட்டிருந்தீங்க. அன்னைக்கு, ‘பறி கொடுத்திருக்கீங்களா’ன்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க. என் வாயில வந்துடுச்சு.”

“அப்போ, எனக்கு முன்னாடி வர்ற பொண்ணுகிட்ட புருஷன்னு சொன்னது?”

அவர் கையிலிருந்த பூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கே விளங்கிவிட்டது. முதல் தடவை வாயில் வந்துவிட்டது. பலித்துவிட்டது. பிறகு அதுவே வைத்தியமாகிவிட்டது.

“‘யயில்’னு சொன்னானே, அவன் யாரு?”

“எங்க அக்கா பையன்.” குரல் இறங்கிவிட்டது. “நல்லா இருக்கான். இப்ப ஸ்கூலுக்குப் போறான்.”

உயிரோடிருக்கிற ஒரு பிள்ளையைச் சாகடித்து, அவனுக்கு என்னை விளக்கு விடவும் வைத்திருக்கிறார். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, அசட்டுத்தனமாக, “நான் கொண்டாந்த பொங்கலை என்ன பண்ணீங்க?” என்றேன்.

“சாப்பிட்டேம்மா. நீங்க ஆசையா கொண்டாந்தீங்களே.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்களுக்குச் சரியாச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

சரியாகத்தான் ஆகியிருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நான் சாப்பிட்டது, தூங்கியது, நாத்தனார் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டது, எல்லாம் அந்தப் பொய்யின் மேல் நின்றது. என் மனதிலேயே மிகக் கேவலமான ஒன்றை, ‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொன்னவரிடம் நம்பிக் கொடுத்தேன். அவருக்கு அப்படி ஒன்றும் இருந்ததில்லை. அப்படியானால் பேய் நான் ஒருத்திதான்.

அதை அவரிடம் சொல்லாமலே மாடிப்படி இறங்கினேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் வெகுநேரம் யோசித்தார். “குணமாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன? மருந்து கசந்தா என்ன, பொய்யா இருந்தா என்ன?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி சாப்பிடுகிறாள், அது போதும் அவருக்கு. அதற்குமேல் அவரிடம் பேச எனக்கும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் புகார் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வது? என்னைப் பிழைக்க வைத்துவிட்டார் என்றா? பஸ்ஸில் இடம் பிடித்த அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. காவேரியில் விழுந்திருப்பேன் என்றாளே. அவளைப் பார்த்துவிடக் கூடாதென்றே வேறு நேரத்தில் டவுனுக்குப் போய்வந்தேன்.

மறுபடி சாப்பாடு நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. உடம்புக்கு வெட்கம் கிடையாது. நின்றது வேறொன்று. அதன் பிறகு எந்தத் துக்க வீட்டிலாவது யாராவது, “எனக்கும் இப்படித்தாங்க ஆச்சு” என்று ஆரம்பித்தால், எந்த ஊரில், என்ன வியாதியில் என்று என் மனது குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிடும். என் நாத்தனாரின் கணவர் இறந்தபோது அவள் என் தோளில் விழுந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கைதான் தடவியது.

சில வருஷம் கழித்து, தீபாவளிக்கு முன்னால், சின்னக்கடைத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் அவரைப் பார்த்தேன். எனக்கு அதற்குள் இன்னொரு பெண் பிறந்து, கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன். கூட்டம் விடவில்லை. அவர் மெலிந்திருந்தார், தலை பாதி நரைத்திருந்தது.

“உங்க பொண்ணா?” என்று குழந்தையின் கன்னத்தைத் தொட வந்தவர், என் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். “நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன்.”

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. புடவைக் குவியலுக்கு முன்னால் நின்றபடியே, “எங்கம்மா போன மாசம் தவறிட்டாங்க. நான் மட்டும்தான் கூட இருந்தேன். இப்ப வீட்டுக்குப் போகவே பிடிக்கலை” என்றார்.

கண் நிறைந்திருந்தது. அந்தக் கண் நிறைவதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை எதிர்பார்த்து நின்றார். ‘ஐயோ, எப்படிங்க?’ என்று கேட்டிருக்கலாம். தெருவில் போகிறவர்களிடம்கூட அதைக் கேட்பவள்தான் நான், ஒரு காலத்தில்.

கடைப் பையனிடம், “அந்தச் சின்னாளப்பட்டியை எடுப்பா” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். “வரேம்மா” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். அவர் அம்மா இறந்தது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமாவது விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.