கிளடிஸ் அக்காவின் ஓம்

பதற்றம் வந்தால் கிளடிஸ் அக்காவுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் ஓடிவிடும். மிஞ்சுவது, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் "ஓம்" ஒன்றுதான்.

நாடுவிட்டு வந்து சேர்ந்த வெக்ஸ்போர்ட்டில் மஃபின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் அருகருகே நின்று வேலை செய்தோம். பெல்ட்டில் ஓடிவரும் மஃபின்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தொண்ணூற்றாறில் அந்தப் பட்டத்தோடு ஏறி இறங்கிய அலுவலகங்கள் எதிலும் எனக்கு வேலை இருக்கவில்லை.

முதல் நாள் அக்கா என் தலைமயிரை மூடியிருந்த தலைவலையை இழுத்துவிட்டு, "டிகிரி, காதை உள்ளுக்கு விடு. இல்லாட்டி இடியப்பம் கத்தும்" என்றார்.

"இடியப்பமோ?"

"உந்தா நிக்கிறான். எங்க துவங்கி எங்க முடியுமெண்டு ஆருக்கும் தெரியாது."

அவர்தான் எங்கள் மனேஜர், பெயர் பற்றிக். கையுறை போடாவிட்டால் காலையில் திட்டுவார். போட்டால் கை ஓடாதென்று மத்தியானம் திட்டுவார். கேட்காமல் வோஷ்றூம் போனால் குற்றம், கேட்டால் அதைவிடக் குற்றம். பிழை தன்னுடையதென்றால் சத்தம் இன்னும் கூடும். இதையெல்லாம் ஏன் பொறுக்கிறோம் என்று நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டு வருவேன்.

அக்காவிடம் பதில் இருந்தது. அவருடைய அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்தார். அவரை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட அக்காவுக்கு வேலை வேண்டும், வேலை செய்கிறார் என்று மனேஜர் எழுதிய கடிதமும் வேண்டும். "அம்மா பிளேனால இறங்கட்டும். அதுக்குப் பிறகு உவன்ர மூஞ்சையில மஃபின் அப்புறன்" என்பார். மத்தியானத்தில் தன் புட்டில் பாதியை என் பக்கம் தள்ளி, "மிச்சம் வந்திட்டுது" என்பார். தினமும் எப்படி மிச்சம் வரும்?

ஒரு வெள்ளிக்கிழமை பற்றிக் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். மஃபின்கள் குவிந்து நிலத்தில் கொட்டின. ஓடிவந்தவர் அக்காவின் முகத்துக்கு நேரே கத்தினார்: "வேர்க் ஓர் ஹோம்?"

வேலைதான் வேண்டும் என்று சொல்ல அக்கா அவசரப்பட்டார். "ஓம்! ஓம்!"

"ஹோம்? ஓகே." அக்காவின் வேலைநேரம் பதியும் பஞ்ச் கார்டை உருவி எடுத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

பின்னால் ஓடினேன். தலைவலையோடு பஸ் தரிப்பில் நின்றார் அக்கா.

"நான் ஓம் எண்டுதானே பிள்ளை சொன்னனான்?"

"அதுதான் பிழை. அவருக்கு ஹோம் எண்டு கேட்டிட்டுது."

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. "அப்ப என்ர வாயாலயே வேலையை விட்டிட்டனோ? அம்மாக்கு என்னெண்டு சொல்லுவன்?"

பல்கலைக்கழகத்தில் மொழியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதை வைத்து ஒரு ஓமைக் காப்பாற்ற முடியுமா?

"வாங்கோ, நான் கதைக்கிறன். ஆனா இனி ஓம் எண்டு வாயே திறக்கக்கூடாது."

"ஓம்."

"அக்கா!"

"சரி சரி. யெஸ். யெஸ்." உள்ளே வரும்வரை சொல்லிப் பார்த்தபடியே வந்தார்.

பற்றிக் நான் விளக்கியதை நம்பவில்லை. அக்காவிடமே திரும்பி, கேள்வியை மாற்றிப் போட்டார்: "டூ யூ வோண்ட் டு கோ ஹோம்?"

அக்கா நெஞ்சை நிமிர்த்தினார். "யெஸ்!"

மஃபின் வேகும் அடுப்படியில் வேலை செய்த நவரட்ணம் அண்ணைதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும். பற்றிக்கின் முகம் சிவந்தது. அவருக்குப் பின்னால், நாங்கள் இருவரும் இல்லாத பெல்ட்டில் மஃபின்கள் மறுபடி குவிந்துகொண்டிருந்தன. அக்கா அதைக் கண்டுவிட்டார்.

"தள்ளு, தள்ளு, விழப்போகுது!" பற்றிக்கை ஒதுக்கிக்கொண்டு ஓடி, வேகத்தைத் தானே குறைத்துவிட்டு அடுக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன்.  பற்றிக் அக்காவின் கார்டை அதன் இடத்தில் செருகிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வேகத்தைத் திரும்பவும் கூட்டினார். அவர் மாறவில்லை.

ஆனாலும் சில மாதங்களில் கடிதத்தை எழுதித் தந்தார். அதை நீட்டி, "இதுதானே வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா இந்தமுறை வாயைத் திறக்கவேயில்லை. எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"நோ?" கடிதம் பின்னால் போனது.

"ஓம்! யெஸ்! நோ, நோ, யெஸ்!" பாய்ந்து பறித்துக்கொண்டு சாப்பாட்டறைக்கு ஓடிவந்தார். வந்ததும் புட்டுப் பெட்டியைத் திறந்து கடிதத்தை உள்ளே வைத்தார்.

"எண்ணெய் படும் அக்கா."

"இண்டைக்குப் புட்டு இல்லை. கடிதம் இண்டைக்குத் தாறனெண்டவன், அதுக்கெண்டே கழுவித் துடைச்சு, வெறும் பெட்டி கொண்டுவந்தனான்."

நான் சாப்பிடக் கொண்டுவந்த பாண் துண்டை இரண்டாகப் பிய்த்து ஒன்றை நீட்டினேன். "மிச்சம் வந்திட்டுது."

"பொய் சொல்லாதை, டிகிரி" என்றபடி பெரிய பாதியை எடுத்துக்கொண்டார்.